உப்பு விடாத எஞ்சின்

சங்கர்ராம் முதலாளியின் விரைவுப் படகு இரண்டு மழைக்காலமாகத் தண்ணீரைத் தொடவில்லை. மட்டாஞ்சேரியில் அவருடைய மிளகுக் கிடங்குக்குப் பின்னால், காயலோரக் கொட்டகையில், சக்கர வண்டியின் மேல் சும்மா நின்றது. எஞ்சின் இறுகிப்போகாமல் இருக்க வாரம் ஒருமுறை அதை ஓட்டிக் கழுவுவது என் வேலை. பொம்பளை மெக்கானிக்கா என்று மூக்கின் மேல் விரல் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கடைசியில் அவர்கள் எஞ்சினும் இந்தச் சகீலாவிடம்தான் வருகிறது.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. எஞ்சின் நீர் உறிஞ்சும் இடத்தில் ரப்பர் கிண்ணங்களை மாட்டி, குழாய்த் தண்ணீரைத் திறந்து, ஓட விட வேண்டும். உள்ளே சுற்றிய நீர் பக்கத்துச் சிறு துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும். அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்பு போய்விட்டால் போதும், எஞ்சினை நிறுத்திவிடலாம். இது என் வீட்டுக்காரர் மஜீதின் பழக்கம், எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அவர்தான் இந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு முனை சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டில். ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். ஆனால் இங்கே எந்த டிரைவர் அதைக் கையில் கட்டுகிறான்? இடைஞ்சல் என்று கியர்க் கம்பியில் மாட்டிவிடுவார்கள். மஜீதும் அப்படித்தான். காயல் கடலோடு சேரும் அழிமுகத்தில், ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்த படகை மீன்காரர்கள் பிடித்து வந்தபோது, கயிறு கம்பியில் சமர்த்தாகத் தொங்கியது. அவர் கிடைக்கவே இல்லை. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு, எத்தனை வாரம் கழுவினாலும், துளையிலிருந்து வரும் நீர் கரித்தது. குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். உள்ளே போவது அது, வெளியே வருவது கடல். எஞ்சினைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினேன். மறுபடியும் உப்பு. கொட்டகையில் நான் கட்டிவிட்டுப் போன தார்ப்பாயின் முடிச்சும் சில வாரம் மாறியிருக்கும். நுனியை முடிச்சுக்குள்ளேயே செருகியிருக்கும். மஜீத் எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவார். அவிழ்ப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும்.

முதலில் கொட்டகைக்குத் தனியாகப் போகவே பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். நாக்கில் உப்பு பட்டதும், “வந்துட்டீங்களா” என்பேன்.

இந்த வாரம் முதலாளிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். படகை இறக்கச் சொன்னார். புது டிரைவர் வேறு யாருமில்லை, என் தம்பி சாஹில். சாயா குடித்த கையோடு வந்து ஏறினான்.

“கயித்தைக் கையில கட்டுடா.”

“சும்மா பேடிக்கண்டா இத்தா, பயப்படாதே. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“உன் மச்சானும் இதையேதான் சொன்னாரு. உன் பொண்டாட்டி ஜஸ்னா வயித்துல பிள்ளையோட இருக்கா, அதையாவது நெனச்சுக்கோ.”

சிரித்துக்கொண்டே கயிற்றைக் கம்பியில் மாட்டினான். அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் படகு படித்துறையை விட்டு நகர்ந்துவிட்டது.

நல்ல மத்தியான வெயில். எதிரே வெலிங்டன் தீவின் கிரேன்கள் பளிச்சென்று தெரிந்தன. சாஹில் அழிமுகத்துப் பக்கம் திருப்பியதும் நான் படித்துறையின் கடைசிப் படிக்கு ஓடினேன். ஒரு சரக்குப் படகு கடந்து போனது. அதன் அலை வந்து மோத, அவன் படகு துள்ளியது. சாஹிலைக் காணோம். சீட் காலியாக இருந்தது.

அல்லாஹ், இனிப் படகு வட்டமடிக்கும், அவன் மேலேயே ஏறும் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் எஞ்சின் நின்றது. காயலில் ஒரு சத்தமும் இல்லை. நின்ற படகின் விளிம்பை ஒரு கை பற்றியது.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வலது கையை என்னிடம் நீட்டினான். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

“நான் கட்டல இத்தா. சத்தியமா நான் கட்டல. விழும்போது யாரோ கையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.”

முடிச்சைப் பார்த்தேன். நுனி உள்ளே செருகியிருந்தது. என் நகம் பெயர்ந்த பிறகுதான் அவிழ்ந்தது.

படகைக் கரையேற்றி, ரப்பர் கிண்ணங்களை மாட்டி, தண்ணீரைத் திறந்தேன். உப்புத் தண்ணீரில் ஓடிவிட்டு இப்போதுதான் வந்த எஞ்சின். முதல் நீர் கரிக்காமல் இருக்க வழியே இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

நல்ல தண்ணீர்.

மறுபடி தொட்டேன். மறுபடியும் நல்ல தண்ணீர். சாஹில் ஈரத்தோடு பக்கத்தில் நின்றான்.

“போதும் இத்தா, நிறுத்து. உப்பெல்லாம் போயிடுச்சுல்ல?”

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும்டா” என்று அழுதுகொண்டே மறுபடியும் விரலை நீட்டினேன்.