மேல்மூலையில் அறுபது இருக்கைகள்

நூற்றெழுபது பேர் கொண்ட பேண்டில் அறுபது பேருக்குத்தான் இடம் என்ற செய்தி புதன்கிழமை மாலைப் பயிற்சியின் நடுவில் வந்தது. டில்மன் க்ரீக் கல்லூரியின் பேண்டு மாஸ்டர் கோல்சன், கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எல்லோரையும் புல்லில் உட்காரச் சொன்னார்.

சனிக்கிழமை அவர்களுடைய அமெரிக்க ஃபுட்பால் அணி, நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு மோதவிருந்தது. எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கம் அது. ஒரு காலத்தில் இப்படிச் சின்னக் கல்லூரி விருந்தாளியாகப் போனால், இடைவேளையில் பாதி நேரம் அதன் பேண்டுக்குத்தான். தோற்றாலும் அந்தப் பத்து நிமிடத்தில் மானத்தை மீட்டுக்கொண்டு வருவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காக இவர்கள் ஆகஸ்டு வெயிலிலிருந்து வியர்வை சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"இடைவேளை நமக்கு இல்ல. பழைய ஆட்டக்காரங்களுக்கு மரியாதை பண்றாங்களாம், பெரிய திரையில படம் போடுறாங்களாம். நமக்கு மேல் மூலையில அறுபது சீட்டு" என்றார் கோல்சன்.

"அப்ப நாம எதுக்கு சார் போறோம்? பாப்கார்ன் தின்னவா?" என்றான் லூதர். டூபா என்னும் பெரிய பித்தளைக் குழல் வாசிப்பவன். ஆளும் அந்த வாத்தியத்துக்கு ஏற்ற அளவில் இருப்பான்.

யாரும் சிரிக்கவில்லை. டிரம் மேஜர் ட்ரெனிஸ் காஸ்கின்ஸ் தன் நீளக் கோலின் நுனியால் புல்லைக் குத்திக் குத்திக் குழி பறித்துக்கொண்டிருந்தாள். பேண்டுக்கு முன்னால் நின்று, விசிலும் கோலுமாக அத்தனை பேரையும் நடத்திப் போகிறவள் அவள். கடைசி வருடம். அந்த அரங்கம் இருப்பது அவள் பிறந்த ஊர். அதைவிட, அவள் அம்மா எர்லீன் வேலை பார்ப்பதும் அதே அரங்கத்தில்தான். மேல்தளத்து நடைபாதையில் ஒரு பொரித்த கோழிக் கடையில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால். வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள், இலையுதிர்காலச் சனிக்கிழமைகள் கோழிக்கு. அதனால் இந்த நான்கு வருடத்தில் மகள் பேண்டுக்கு முன்னால் நடப்பதை அவள் கைபேசியில்தான் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலையே அம்மா அழைத்தாள்.

"ஏய், ஒரு நல்ல சேதி. இடைவேளைல எனக்குப் பத்து நிமிஷம் லீவு குடுத்துட்டான் எங்க சூப்பர்வைசர். இடைவேளைல! முன்னூறு பேர் லைன்ல நிக்கிற நேரத்துல! அதுக்குப் பதிலா மூணு வாரம் எண்ணெய்ச் சட்டிய நான்தான் கழுவணுமாம். கழுவிட்டுப் போறேன். நீ எந்தப் பக்கமா வருவே, அதச் சொல்லு."

இடைவேளை தங்களுக்கு இல்லை என்று சொல்ல ட்ரெனிஸுக்கு வாய் வரவில்லை. "நடுக்கோட்டுல, மா" என்றாள்.

"நடுக்கோட்டுல. சரி. அந்தத் தொப்பிய நேரா வச்சுக்கோ. போன வீடியோல ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சு."

அடுத்த இரண்டு நாளும் உண்மையைச் சொல்லக் கைபேசியை எடுப்பாள், வைப்பாள். வியாழன் பயிற்சியில் இரண்டு முறை தாளத்துக்கு முன்னால் ஓடினாள். வெள்ளிக்கிழமை அறுபது பேரின் பட்டியல் ஒட்டப்பட்டது. பேண்டோடு ஆடிவரும் நடனக்காரிகள் ஒருவர்கூட அதில் இல்லை. பெயர் இல்லாதவர்கள் பெயர் இருந்தவர்களோடு பேசவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆட்டம். வடக்கு மூலையில், கடைசிக்கு முந்தின வரிசைகளில், வெயில் நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் அவர்களை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் சிந்திக் கிடக்கும் பட்டாணி மாதிரித் தெரிந்தார்கள். காதில் ஹெட்செட் மாட்டிய அரங்கத்து ஊழியன் ஒரு பையன், கோல்பி என்று பெயர், மரியாதையாகத்தான் பேசினான்.

"நான் கை தூக்குனா வாசிக்கலாம் சார். மத்த நேரத்துல ஸ்பீக்கர் ஓடும், டிவி விளம்பரம் ஓடும். உங்க டீம் பாயின்ட் எடுத்தா முப்பது செகண்டு உங்களுது."

"நம்ம டீமா?" லூதர் டூபாவை மடியில் சாய்த்தான். "அப்ப ஊமையா வந்து ஊமையாவே வீட்டுக்குப் போலாம்."

அவன் சொன்ன மாதிரியே நடந்தது. முதல் கால்பகுதியில் இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். ஒரு முறை டிரம் வாசிப்பவர்கள் பொறுக்கமுடியாமல் குச்சியைத் தூக்க, கோல்பியின் உள்ளங்கை குறுக்கே வந்தது. தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர்கள் அலறின, இருக்கைகள் அதிர்ந்தன. எதிர்ப்பக்கம், நல்ல நிழலில், பல்கலைக்கழகத்தின் சொந்த பேண்டு முந்நூறு பேரோடு உட்கார்ந்திருந்தது. அவர்களும் பெரும்பாலும் வாத்தியங்களை மடியில் வைத்தபடி ஸ்பீக்கரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ட்ரெனிஸ் எழுந்தாள், உட்கார்ந்தாள், தொப்பியின் வாரை அவிழ்த்தாள், மறுபடி மாட்டினாள்.

"உக்காரு ட்ரெனிஸ். உன்னப் பாத்தா எனக்குப் படபடப்பா வருது" என்றார் கோல்சன்.

"முடியல சார்."

இடைவேளை மணி அடித்தது. பெரிய திரையில் வழுக்கைத்தலை ஆட்டக்காரர்கள் சிரித்தபடி வந்தார்கள். மக்கள் எழுந்து சாப்பாட்டுக்காகக் கீழே இறங்கினார்கள். ட்ரெனிஸும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து படிகளில் இறங்கி நடைபாதைக்குள் போனாள். தாழ்ந்த கான்கிரீட் கூரை. எண்ணெய் வாசனை. வரிசைகள் வளைந்து வளைந்து சுவரைத் தொட்டன.

அம்மா கடையில் இல்லை. மைதானம் தெரிகிற திறப்புக்குப் பக்கத்தில், ஏப்ரனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மா."

எர்லீன் திரும்பினாள். மகளின் தொப்பியிலிருந்து காலணி வரை பார்த்தாள். "நீ என்னடி இங்க? போ, போ கீழ! ஆரம்பிச்சுடப் போறாங்க!"

"எங்களுக்கு மைதானம் இல்ல மா. புதன்கிழமையே சொல்லிட்டாங்க."

"புதன்கிழமையா?"

"உங்கிட்ட சொல்ல வாய் வரல."

எர்லீன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது ட்ரெனிஸுக்கு. அம்மா ஏப்ரனை விரித்தாள், மறுபடி சுருட்டினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "எட்டு நிமிஷம் மிச்சம் இருக்கு. திருப்பிக் குடுத்துட்டா அந்தாளு மூணு வாரத்த ரெண்டாக்குவானோ என்னமோ" என்று சிரிக்கப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ட்ரெனிஸ் யோசிக்கவில்லை. படியின் அடியில் போய் நின்று, விசிலை வாயில் வைத்து நான்கு முறை நீளமாக ஊதினாள். அந்த நான்கு ஊதலுக்கு எழுந்து நிற்பது அவர்களுக்குத் தும்மல் மாதிரி. மேலே அறுபது பேரும் எழுந்துவிட்டார்கள். "சார், இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல" என்று கோல்பி பதறினான். கோல்சன் ஒரு கையை உயர்த்தியிருந்தால் போதும், எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கையை உயர்த்தவில்லை அவர். முழங்கால்களின் நடுவே இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லூதர் முதலில் வந்தான். டூபா கூரையில் உரசியது. "எங்க நிக்கணும்?"

"கோழிக்கடைக்கு முன்னாடி. ரெண்டு ரெண்டா."

டிரம்மில் முதல் அடி விழுந்ததும் நடைபாதை முழுக்க ஒரு நொடி அசைவில்லாமல் நின்றது. திறந்த மைதானத்தில் காற்றில் கரைந்துபோகிற சத்தம், அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே போக்கிடமில்லாமல் ஆட்களின் நெஞ்சுக்குள் புகுந்தது. ஆகஸ்டிலிருந்து பழகிய ஆட்டத்தைப் பத்தடி அகலத்துக்குள் சுருக்கி ஆடினார்கள். ட்ரெனிஸ் முதுகைப் பின்னால் வளைத்தாள், தொப்பியின் இறகு தரையைத் தொட்டது. நிமிர்ந்து கோலைச் சுழற்றியபோது ஒரு மின்விளக்கின் மூடி தெறித்து விழுந்தது. வரிசைகள் கலைந்தன. கீழ்த்தளத்திலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். எதிரணியின் சிவப்புச் சட்டை போட்ட ஒரு கிழவர், கையிலிருந்த சோளப்பொரியைக் கொட்டிவிட்டு இடுப்பை ஆட்டினார்.

எர்லீன் அழவில்லை. பக்கத்தில் நின்றவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அந்தா, முன்னால நிக்கிறா பாருங்க, அது என் மக. எனக்குப் பொறந்தவ. அந்தத் தொப்பிக்காரி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டாள். எட்டு நிமிடம் ஆனதும், பாட்டு நடுவிலிருக்கும்போதே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். கோலைக் கைக்குக் கை மாற்றித் திரும்பிய ட்ரெனிஸின் கண்ணில், கூடையை எண்ணெயிலிருந்து தூக்கி உதறும் அம்மாவின் முதுகுதான் பட்டது. அந்தத் தோள்கள் தாளத்தில்தான் ஆடின.

பிறகு காவலர்கள் வந்தார்கள். அரங்க மேலாளர் ஒருத்தி வந்து, நடைபாதை அடைபட்டால் தீ விபத்தின்போது என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மூன்றாம் கால்பகுதி தொடங்கும்போது அறுபது பேரும் வெளியேற்றப்பட்டுப் பேருந்தில் இருந்தார்கள். அணி அன்று ஒரே ஒரு முறை பாயின்ட் எடுத்தது. அது கடைசிக் கால்பகுதியில். அதற்குரிய முப்பது நொடியில் மேல்மூலை காலியாகக் கிடந்தது.

பேருந்து கிளம்புவதற்குள் அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "லைன் மொத்தமும் உங்க பின்னாடி ஓடிடுச்சு, நாப்பது கோழி கருகிப்போச்சு. சூப்பர்வைசர் வாயில வராத வார்த்தை இல்ல. தொப்பி நேராத்தான் இருந்துச்சு. இனிமே எங்கிட்ட எதையும் மறைச்சே, கொன்னுடுவேன்." அதை அவள் வழியெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாள். கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கோல்சன் கூப்பிட்டார். இரண்டு ஆட்டங்களுக்குக் கோல் அவளுக்கில்லை என்றார். அவள் தலையாட்டினாள்.

"வருத்தப்படுறியா?"

"ஆட்டக்காரங்க பாயின்ட் எடுத்தப்ப நாம இல்லாமப் போயிட்டோமே, அதுக்கு வருத்தம். வேற எதுக்கும் இல்ல சார்."

"எனக்கும் அது ஒண்ணுதான்" என்றார் அவர். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

இரண்டு ஆட்டங்களிலும் அவள் கடைசி வரிசையில் தாளத்தட்டோடு நடந்தாள். இடமில்லாமல் போன நூற்றுப்பத்துப் பேரில் பலர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். தாங்கள் ஊரில் உட்கார்ந்திருக்க, அந்த அறுபது பேர் மட்டும் கொண்டாடிவிட்டு வந்தது அவர்களுக்கு ஆறவில்லை. அதில் தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நவம்பரில் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை நாற்பது இருக்கை. கோல்சன் நூற்றெழுபது பெயர்கள் கொண்ட தாளை மேசையில் வைத்து, பேனாவை அவளிடம் நீட்டினார்.

"கோலு திரும்ப உங்கிட்ட வந்துடுச்சு. யார விடணும்னு நீயே அடிச்சுக் குடு. எனக்குக் கை வரல."

ட்ரெனிஸ் பேனாவைத் திறந்தாள், மூடினாள். உட்காராமல் மேசையைச் சுற்றி நடந்தாள்.

"எல்லாரையும் கூட்டிட்டுப் போலாம் சார். நாப்பது பேர் உள்ள. மிச்சம் நூத்தி முப்பதும் வெளிய, வண்டி நிறுத்துற எடத்துல. காலைலேந்தே ஜனங்க அங்கதான அடுப்பு மூட்டிக் கறி சுட்டுக்கிட்டு நிக்கிறாங்க? அங்க கை தூக்க எந்தப் பையனும் இல்ல. ஆனா இந்தத் தடவ முன்கூட்டியே கேட்டுட்டுப் போவோம்."

"மாட்டேன்னு சொன்னா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோட எடம்னு கேப்போம்."

கோல்சன் மோவாயைத் தேய்த்தார். நாலு பேருந்து வேண்டியிருக்கும் என்று முணுமுணுத்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, கடிதத்தில் இருந்த எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியபோது, அவள் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.