லாரிகள் ஓடாத நான்கு நாட்கள்

லாரிப் புகையைப் பாதியாகக் குறைத்தால், மூச்சைக் கெடுக்கும் தரைமட்ட ஓசோன் எவ்வளவு குறையும்? இயக்குநர் கேட்டது இவ்வளவுதான். காற்றுமாசு அலுவலகத்தில், மாசு எங்கே கூடும், எங்கே குறையும் என்று கணிக்கும் கணினி மாடலை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கணினி இரண்டு நாள் கணக்குப் போட்டு ஒரு வரைபடத்தைத் துப்பியது. காற்று போகும் திசையில் இருந்த சிற்றூர்களில் ஓசோன் இறங்கியிருந்தது. நகரத்தின் நடுவிலோ ஏறியிருந்தது.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "புகையைக் குறைச்சா ஓசோன் ஏறுமா? வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதைக் காட்டினா நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க. எங்கயோ தப்பு இருக்கு, பாரும்மா."

பார்த்தாள். உள்ளே கொடுத்த எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மூன்று தடவை ஓட்டினாள். மாடல் மசியவில்லை. அவளும் விடுவதாக இல்லை.

போன வருடம் லாரிக்காரர்கள் நான்கு நாள் வேலைநிறுத்தம் செய்தது நினைவுக்கு வந்தது. அந்த நாட்களின் அளவீடுகளைத் தேடி எடுத்தாள். முன்பின் நாட்களைப் போலவே அதே வெயில், அதே காற்று. ஆனால் அந்த நான்கு நாளும் நகர நடுவில் ஓசோன் கூடியிருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புதுப்புகையில் உள்ள ஒரு வாயு பக்கத்து ஓசோனைத் தின்றுவிடும். அது குறைந்ததும் ஓசோனுக்குக் கொண்டாட்டம். அதற்காகப் புகையை விட்டுவைக்க முடியுமா? அதே வாயுதான் தள்ளிப்போய்ச் சிற்றூர்களில் ஓசோனைக் கிளப்புகிறது. ஓசோனுக்குத் தீனி போடும் பெயிண்ட், தின்னர், பெட்ரோல் ஆவியையும் கூடவே குறைத்து ஓட்டிப் பார்த்தாள். எல்லா இடத்திலும் இறங்கியது.

அப்போதுதான் தம்பியின் நினைவு வந்தது. அவன் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறைக்கே போய்ச் சொன்னாள்.

"ஆயிரம் லாரி கரும்புகை கக்குது. உனக்கு என் தின்னர் டப்பாதான் கண்ணுல பட்டுச்சா, அக்கா?"

"உன்னுது மட்டும் இல்லடா. ஊர்ல இருக்கிற எல்லாப் பட்டறையும்தான்."

"பெயிண்ட் ஆவியைக் குறைச்ச அந்த ஒரு படத்தைக் காட்டாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் கூட்டத்தில் முதல் வரைபடத்துக்கே சிரிப்பு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. வேலைநிறுத்த நாட்களின் ஓசோன் அளவுகளைத் திரையில் போட்டதும் சிரிப்பு அடங்கியது. இயக்குநர் தொண்டையைச் செருமினார். "முதல்ல நானும் நம்பல. இப்ப நம்புறேன்."

புகை, ஆவி இரண்டையும் சேர்த்தே குறைப்பது என்று முடிவானது. ஆவி குறைவான பெயிண்டுக்குப் பட்டறைகள் மாறிக்கொள்ள இரண்டு வருடம் அவகாசம்.

தம்பி ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "தண்ணியில கலக்கிற பெயிண்டை அடிச்சுப் பார்த்தேன். காய மாட்டேங்குது. உன் மாடல் இதுக்கு ஏதாவது சொல்லுமா?"

"அது சொல்லாது. இரு, நான் வர்றேன்" என்றபடியே செருப்பை மாட்டினாள்.