பந்துமேட்டில் கை தூக்கினால்

மழை விட்ட காலை. புல்லில் வெள்ளையாக ஒன்று. பந்தா, காளானா?

குனிந்து தொட்டால்தான் தெரியும். பந்து என்றால் கிளப்புக்கு. காளான் என்றால் எங்கள் குழம்புக்கு.

பந்துமேடு என்றுதான் நாங்கள் சொல்வோம். பலகையில் கோல்ஃப் கிளப் என்று எழுதியிருக்கும். மேலே அவர்களுடைய புல். கீழே, சரிவு முடிகிற இடத்தில், எங்கள் தெரு. நடுவில் ஒரு கம்பி வேலி, ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையோடு.

நான் அங்கே களை எடுக்கிறவள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து, ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிறவர். அந்த வேலைக்குப் பெயர் கேடி. பெண் கேட்டு வந்த தரகர் 'மாப்பிள்ளை கேடி' என்று சொன்னதும் என் அப்பா செருப்பைத் தேடினார்.

அந்த மேட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் காலை அகட்டிப் பந்துக்கு முன்னால் நிற்கும்போது பக்கத்தில் யாராவது கை தூக்கினால், பேசக்கூடாது. அசையக்கூடாது. களைக்கொத்து பாதியில் நிற்கும். இருமல் தொண்டையில் நிற்கும்.

கை தூக்கினால் மூச்சு விடக்கூடாது. அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாக எங்கள் தெருப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது இதைத்தான். வீட்டில் சண்டை முற்றும்போது சவரிமுத்து கை தூக்குவார். என் வாய் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

மழை. எங்கள் மலையில் அது ஆடியில் வந்து உட்காரும், ஐப்பசியிலும் எழுந்து போகாது. மேட்டில் பெய்வதையெல்லாம் புல் குடித்துவிடும். குடித்து, மெதுவாக, எங்கள் கிணற்றுக்கு அனுப்பும். எவ்வளவு பெய்தாலும் வாசலில் எங்கள் கணுக்கால் நனைந்ததில்லை.

அந்தப் புல் மேல் எனக்கு ஆசை என்று சொன்னால் பொய். அதற்குக் குனிந்து குனிந்தே என் இடுப்பு போயிற்று. ஆனாலும் எங்கள் கூரைக்கு மேலே அதுதான் இன்னொரு கூரை.

ஒரு நாள் புல்லில் சிவப்புக் கொடிகள். ஆட்டத்துக்கு நடுகிற கொடி இல்லை, அளந்து நட்ட கொடி. கிளப் நிலத்தை விற்றுவிட்டார்களாம். அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றனவாம்.

விளம்பரப் பலகையில் ஒரு குடும்பம் பல் தெரியச் சிரித்தது. அவர்களுக்குப் பின்னால், எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில், மரங்களை வரைந்திருந்தார்கள். எங்களை வரையவே இல்லை. அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது.

'புல்லப் பேத்துட்டு சிமெண்ட்டு போட்டா தண்ணி எங்க போவும்? நம்ம அடுப்புக்குத்தான் வரும்' என்றார் சவரிமுத்து. தெரு கூடியது. அரசாங்கம் ஊர்க் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைக்கிறது. அங்கே சவரிமுத்து பேச வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும் என்று முடிவானது.

வீட்டுக்குள் நடந்து நடந்து பேசிப் பார்த்தார். 'ஐயா, அந்தப் புல்லுதான் எங்க உசுரு.' திரும்பத் திரும்ப அதையே. அரிசி களைந்துகொண்டே கேட்டேன். நன்றாக இருந்தது.

கல்யாண மண்டபம். வெளியே தூறல். மேடையில் தாசில்தார், பக்கத்தில் வீடு கட்டும் கம்பெனிக்காரர், அடுத்த நாற்காலியில் கிளப் செயலாளர். சவரிமுத்து இத்தனை வருஷமாகச் சுமந்தது அந்தச் செயலாளரின் பையைத்தான்.

'ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்' என்றார் தாசில்தார். சவரிமுத்து எழுந்தார். அவரோடு தெருவே எழுந்தது. ஒரே சலசலப்பு.

செயலாளர் கையைத் தூக்கினார்.

மைக் இரைகிறது, சரிசெய் என்று தூக்கினாரா, வேண்டுமென்றே தூக்கினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளங்கை எங்களைப் பார்த்தபடி. அசையாமல்.

மண்டபம் அடங்கியது. இருமல் தொண்டையில் நின்றது. இடுப்பில் இருந்த குழந்தைகள்கூட அழுகையை விழுங்கின. சவரிமுத்து கைகளைப் பின்னால் கட்டி, தலை குனிந்து, மேட்டில் நிற்பது போலவே நின்றார்.

பேசுங்க. பேசுங்களேன். மனசுக்குள் கத்தினேன். என் வாயும் திறக்கவில்லை.

தூறல் சத்தம் மட்டும். தாசில்தாரும், பாவம், கொஞ்ச நேரம் காத்துத்தான் பார்த்தார். 'யாருக்கும் ஒண்ணும் சொல்றதுக்கில்லையா? சரி.' குனிந்து எழுதினார்.

கை இறங்கியது. மூச்சு விட்டோம். அதற்குள் மேடையில் நாற்காலிகள் நகர்ந்துவிட்டன. அப்புறம் கத்தினோம், எல்லோரும், ஒரே நேரத்தில். 'கூட்டம் முடிஞ்சிருச்சும்மா' என்றார் கதவருகே நின்ற போலீஸ்காரர்.

பிறகு நாங்கள் ஏறாத ஆபீஸ் படியில்லை. 'அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?' எங்கே போனாலும் இதே கேள்வி. என்ன சொல்வது? ஒருவர் கை தூக்கினார் என்றா?

புல்லைப் பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டி எடுத்தார்கள். கீழே சிவப்பு மண். எனக்கு வேலை போனது. சவரிமுத்துவுக்கும் போனது. அவர் இப்போதெல்லாம் வீட்டில் கை தூக்குவதில்லை. நானும் சண்டை போடுவதில்லை.

ஆடி வந்தது. மழை வந்து உட்கார்ந்தது. அதைக் குடிக்க மேலே புல் இல்லை. தண்ணீர் வேலி ஓட்டைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, வேலியையே தள்ளிக்கொண்டு இறங்கியது. கிணறு மண்ணால் மூடிப்போனது. அவர் சொன்ன மாதிரியே என் அடுப்புக்குத்தான் வந்தது.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது என் பின்சுவர் இல்லை. அழுதேன். வேறென்ன செய்வது.

மழை விட்ட காலை. சேற்றில் வெள்ளையாக ஒன்று. பந்தா, காளானா? பழக்கதோஷம், குனிந்து தொட்டேன்.

பந்து. எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் போனது. தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்று சவரிமுத்து திட்டு வாங்கிய பந்துகளில் ஒன்று. மேட்டைத் தோண்டியதும் வெளியே வந்து, சேற்றோடு உருண்டு, எங்கள் வீடு தேடி வந்திருக்கிறது.

அவரிடம் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார். 'ஐயா, அந்தப் புல்லுதான் எங்க உசுரு' என்றார். உரக்க. தடுமாறாமல். கேட்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

சேற்றில் இன்னும் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, வாசல் வரைக்கும், அடுப்பு வரைக்கும். இனி குனிந்து தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் பந்துதான்.