நோயாளி சொல்லிக்கொடுத்த இதயம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் பாண்டுரங்கன் என்னும் இதய நோயாளி, கையிலிருந்த தேநீர் ஆறுவதையும் மறந்து பெருமை பொங்கச் சொன்னார்: "எத்தினி பேர டாக்டராக்கி உட்டுக்கீறேன் தெரியுமா சார்?"

ஆண்டுதோறும் மருத்துவக் கல்லூரித் தேர்வில் படுக்கையில் கிடத்தப்படும் நோயாளி அவர். மாணவர்கள் சோதித்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் விட்டால்தானே!

"பாவம் சார், பசங்க பயந்துக்கினு வருதுங்க. வால்வு சுருக்கம், மர்மர் கேக்குதுன்னு எயிதிக்கோன்னு காதுல சொல்லிடுவேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2

முதல் தொடக்கம்: சாலவாக்கம் ஏரியின் மேல் காலை வெயில் பொன்னாய்ப்—

அடித்துவிட்டேன். ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடும்போது ஏரிக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாம் தொடக்கம்: சுபாஷ்ரீ பொய்க்காரி.

இதையும் அடிக்கிறேன். (அவள் பொய் சொல்லவில்லை, கொடுமையே அதுதான்.) காஞ்சிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண், உழைத்துப் படித்த மருத்துவ மாணவி. தேர்வு நாளில் பாண்டுரங்கன் சொன்ன பிறகே ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். கேட்டது! அந்த மர்மர், லப்-டப்புக்கு நடுவே வரும் முணுமுணுப்பு, அவள் செவியில் தெளிவாகக் கேட்டது. எழுதினாள், பாராட்டினார்கள். பிறர் சொன்னதைத் தானே கேட்டதாக அன்று நம்பத் தொடங்கினாள். நம்ப வைத்தது யார்? 'தெரியாது' என்றவனைக் கூனிக் குறுக வைத்து, 'தெரியும்' என்று கை தூக்கியவனைத் தட்டிக்கொடுத்து வளர்த்த வகுப்பறை!

3

இப்போது அவளுக்குக் கிராமப் பயிற்சி. மானாம்பதிப் பக்கம் ஒரு சுகாதார நிலையம். நாற்று நடும் முனியம்மாள், எட்டு மாதக் கர்ப்பிணி, மூச்சு வாங்க வந்திருக்கிறாள். கர்ப்பத்தின் இயல்பான இளைப்பா, இதயக் கோளாறா? கோளாறென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே பிரசவம் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த அறையில் ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டே மருத்துவர் தணிகைவேல் கேட்டார்: "ஹார்ட் பாக்க வருமாம்மா உனக்கு?"

"அதுல நான் ஸ்ட்ராங் சார்."

ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். லப், டப். லப், டப். நடுவில் ஏதோ இருக்கிறதா? ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். மின்விசிறியின் ஓசையா? புடவைச் சரசரப்பா? அவள் செவி எதற்கோ காத்திருந்தது. பழக்கதோஷம்! குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்:

"உங்களுக்கு என்ன வியாதின்னு சொல்லியிருக்காங்க?"

முனியம்மாள் விழித்துப் பார்த்தாள். "இன்னாம்மா கூத்து இது! அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு மூச்சு வாங்கிக்கினு இம்மாந்தூரம் வரேன்? காதுல கொயாய மாட்டிக்கினு கீறது நீயா, நானா?"

சுபாஷ்ரீயின் காதிலிருந்து பாண்டுரங்கன் அப்போதுதான் இறங்கிப் போனார். அங்கே மிஞ்சியது வெறும் லப், டப்.

4

"என்னம்மா, நார்மல்தானே? பிரசவம் இங்கயே வச்சுக்கலாமா?" தணிகைவேலின் குரல்.

முடிவு அ: "நார்மல் சார்" என்கிறாள். அடுத்த மாதம் முனியம்மாள்— (எழுதக் கை மறுக்கிறது.)

முடிவு ஆ: அந்த ஒலியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறாள். (மேடையில் கைதட்டு வாங்கும் முடிவு. பொய்! அவமானப்பட்டவுடன் காது கூர்மையாகிவிடாது.)

முடிவு இ: "எனக்குத் தெரியல சார், நீங்க வந்து பாருங்க." இந்தச் சொற்கள் அவள் தொண்டை வரை வந்து நிற்கின்றன. ஆனால் இவற்றுக்கு எந்தத் தேர்விலாவது நாம் மதிப்பெண் போட்டிருக்கிறோமா? ஆம், நாம்தான்! 'என் பிள்ளைக்குத் தெரியாதது எதுவுமில்லை' என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் நீங்களும்தான்!

(அடிக்குறிப்பு: முனியம்மாளின் இதயத்தில் முணுமுணுப்பு உண்டா, இல்லையா? எழுதுகிறவனுக்குத் தெரியாமலா போகும் என்பீர்கள். சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் நான் இன்னொரு பாண்டுரங்கன்; நீங்களும் தேர்ச்சி பெற்றுவிடுவீர்கள்.)

ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொள்ளுங்கள். முனியம்மாள் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அடுத்த அறையில் தணிகைவேல் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்.