ஜெயப்ரியா கொடுத்த ஷாஃப்ட்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இரும்பைக் கண்டாலும் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடுவேன். ஹூக்ளி ஆற்றுத் துறைமுகமான கிடர்பூர் டாக்கில் கிரேன் பராமரிப்பில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் வந்தது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே கம்பிப் பிரஷ்ஷும் கறுப்புப் பெயிண்டுமாகக் கிளம்பிவிடுவோம்.

என்னிடம் ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஃபியட் ஒன்று இருக்கிறது. ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் மக்கிக் கிடந்ததை வாங்கி, ஆறு வருஷம் மல்லுக்கட்டி ஓடவைத்தேன். ஜனவரி கடைசி ஞாயிறு பழைய கார்களின் ராலி. அதில் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. பிப்ரவரியில் எனக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். ஆக, இந்த ஊரில் இது முதலும் கடைசியும். ராலிக்குப் பத்து நாள் இருக்கும்போது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு அது. அது போனால் வண்டி வெறும் அலங்காரம்.

பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் மல்லிக் பஜாருக்கு ஓடினேன். துணைக்கு ஜெயப்ரியா வந்தாள். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து எழும் எஞ்சினியர். கோயம்புத்தூர்க்காரி. தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் பழக்கம். எழுபத்தாறு மாடல் பத்மினி வைத்திருக்கிறாள். என் ஃபியட்டுக்கு இந்தியாவில் பிறந்த தங்கை அது.

கடைக்காரர் மூன்று தண்டுகளைப் போட்டு, "எல்லாம் அசல் ஃபியட், தாதா" என்று வங்காளத்து அண்ணன் முறை சொல்லிச் சத்தியம் செய்தார். ஜெயப்ரியா டேப்பை நீட்டினாள். தண்டு முனையின் பல்வரிசையைக் கட்டைவிரல் நகத்தால் எண்ணினாள்.

"இது உங்குளுக்கு ஆகாதுங்ணா. ஒன் ஒன் எய்ட் காரோடது. அதுவும் இத்தாலிக் குடும்பந்தான், ஆனா நீளம் சாஸ்தி. இதுக்குப் பல்லுக் கணக்கு ஒதைக்குது. இது ஃபியட்டே இல்லீங், ஜீப்பு."

அசந்துபோனேன். கடைக்காரரே அவளுக்கு டீ வரவழைத்து, மூலையில் கிடந்த நாலு தண்டுகளைக் காட்டி, இவை எந்த வண்டியுடையவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"எங்கிட்ட பத்மினியோடது ஒண்ணு இருக்குதுங்ணா. உங்க வண்டிக்கு அப்படியே உக்காரும். அனுப்பி வெக்கறேன்" என்றாள்.

இரண்டாம் நாள் சாக்கில் சுற்றி வந்தது. லேசாகத் துரு. என் கை சும்மா இருக்குமா? இரண்டு துண்டாகக் கழற்றி, தேய்த்து, இரண்டு கோட்டிங் கறுப்பு அடித்து மாட்டினேன். சனிக்கிழமை காலை எடுத்தால், நாற்பதைத் தொட்டதும் வண்டி உதறியது. கண்ணாடி ஆடியது, கதவு ஆடியது, என் பல்லே ஆடியது. மறுநாள் ராலி. எனக்கு வந்த கோபத்தில் போனைப் போட்டு, "கழிச்சுக் கட்டினதை என் தலையில கட்டிட்டியேம்மா" என்று கத்திவிட்டேன்.

"வர்றேனுங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைகிட்ட இப்படியா பேசுவீய? உங்க நாக்குக்கும் ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிக்கணும்" என்றாள் என் மனைவி கோமதி.

ஜெயப்ரியா பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் பை. முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய பேனர் ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் போனவள் அங்கிருந்தே கேட்டாள்.

"பெயிண்ட் அடிச்சது யாருங்ணா?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ரெண்டாக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படித் துரு எடுக்கறது?"

ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுரண்டும் சத்தம் கேட்டது. "இங்க வந்து பாருங்" என்றாள். குனிந்து பார்த்தேன். கறுப்புக்கு அடியில் ஒரு சின்ன அம்புக்குறி. இன்னொரு துண்டிலும் அதேபோல ஒன்று, ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த ரெண்டு அம்பும் ஒண்ணையொண்ணு பாக்கோணும். அப்பத்தான் தண்டு ஒதறாமச் சுத்தும். நீங்க அதைப் பெயிண்டுல முழுகடிச்சு, கை போன போக்குல சொருகிட்டீங்."

நாற்பது நிமிஷத்தில் கழற்றி, திருப்பி, மாட்டிவிட்டாள். வேலை செய்யும்போது அவள் கை ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அந்தக் கைகளைக் கும்பிடலாம் போலிருந்தது. அவளையே ஏற்றிக்கொண்டு இரண்டாவது ஹூக்ளி பாலத்தில் அறுபதில் போனேன். கண்ணாடி அசையவில்லை. கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்ணா" என்றாள்.

சாந்த்ராகாச்சியில் அவளுடைய குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிடும்போதுதான் பார்த்தேன். பத்மினியின் பின்பக்கம் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. அடியில் தண்டு இருக்க வேண்டிய இடம் காலி. முன்கண்ணாடியில் நாளைய ராலியின் ஸ்டிக்கர், எண் முப்பத்தொன்று.

எங்கோ பரணில் கிடந்த உபரித் தண்டு என்றல்லவா நினைத்திருந்தேன்! திட்டு வாங்கிய பிறகும் இதை அவள் சொல்லவில்லையே.

"பத்மினி அடுத்த வருசமும் ஓடுமுங்ணா" என்றாள். "நீங்க அடுத்த வருசம் இங்க இருக்க மாட்டீங்களே."

மறுநாள் காலை கொடி அசைக்கும் இடத்துக்கு அவளை வரச்சொல்லி, வண்டிச் சாவியை அவள் கையில் வைத்தேன். வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

"ஆறு வருசமா நான் கேட்டுக் குடுக்காத சாவி. நல்லா ஓட்டு தாயி" என்று சொல்லி, கோமதி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சொந்த வண்டியில் முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். தரையில் நடுவே மேடாக ஓடுகிறதே, அதற்கு அடியில்தான் அந்தத் தண்டு சுழல்கிறது. செருப்பைக் கழற்றி, வெறுங்காலை அதன்மேல் வைத்தேன். ஜெயப்ரியா வேகத்தைக் கூட்டினாள். என் காலுக்கடியில் துளி அதிர்வு இல்லை.