பக்கத்து வீட்டு வசனம்

செந்தாமரைக்கு நடிப்பு வரும் என்று ஜவ்வாது மலையில் ஒருத்தரும் கனவிலும் நினைத்ததில்லை. குடும்ப வன்முறையைத் தடுக்க அரசாங்கப் பணத்தில் தெருநாடகக் குழு சேர்த்தார்கள். ஆள் குறைந்ததால் இவளையும் பிடித்துப் போட்டார்கள். அடி வாங்கும் மனைவி வேஷம். ஊர் ஊராக அவள் அழுத அழுகையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். திருப்பத்தூரிலிருந்து வந்து பயிற்சி கொடுத்த கோகிலவாணியே அசந்துபோனார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கின?"

"சும்மா வருதுங்க மேடம்."

அந்தப் பொய்யைச் சொன்னபோது அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

நாடகம் கடைசியில் அவள் ஊருக்கே வந்தது. புளியமரத்தடியில் நல்ல கூட்டம். புருஷன் வேஷக்காரன் கையை ஓங்கியதும் வழக்கம்போலக் கதறினாள்: "மூஞ்சில மட்டும் அடிக்காதய்யா, நாளைக்கி சந்தைக்குப் போவணும்!"

முன்னால் உட்கார்ந்திருந்த செல்லி வெடுக்கென்று நிமிர்ந்தாள். செந்தாமரையின் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அவள் புருஷன் சின்னதம்பி குடித்துவிட்டு வரும் நாளெல்லாம் சுவரைத் தாண்டி வந்த வசனம் அது. செல்லி நிமிர்ந்ததைச் செந்தாமரை பார்த்துவிட்டாள். பாதியில் நிறுத்த முடியுமா? கடைசி வசனத்தையும் சொல்லித்தான் தீர்த்தாள்: "பக்கத்து வூட்ல சத்தம் கேட்டா சும்மா இருக்காதீங்க, போய் கதவத் தட்டுங்க!" எல்லோரும் கை தட்டினார்கள். செல்லியும் தட்டினாள்.

மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு செல்லி கேட்டாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

"அவ்ளோ தெளிவாவா கேட்டுச்சு, அக்கா?"

செந்தாமரைக்குத் தெளிவாகத்தான் கேட்டிருந்தது. முன்பெல்லாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவள், நாடகத்தில் சேர்ந்த பிறகு சுவரில் காதை வைத்துக் கேட்டாள். ஒருநாளாவது எழுந்து போனாளா? பாவி, பாடம் பண்ணிக்கொண்டு படுத்தாள். தலையைக் குனிந்தபடி தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சின்னதம்பி தள்ளாடி வந்தான். தட்டு எகிறி விழுந்தது. அப்புறம் தொம் தொம்மென்று சத்தம். செல்லியின் குரல் மட்டும் வரவே இல்லை. இந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது செந்தாமரைக்குப் புரிந்தது.

எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இரண்டு கையாலும் கதவை அடித்தாள். நாடகத்தில் மடமடவென்று கொட்டும் வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"செல்லி, கத்துடி! நான் வந்துட்டேன், கத்துடி!"