அதே லாட், நான்கு பெட்டி

கிடைக்காத மருந்தையும் எங்கிருந்தாவது பிடித்துவிடுவார் என்று அந்த மருந்துக்கடைக்காரருக்குப் பெயர் உண்டு. மனைவிக்காகத் தோட்டா தேட வேண்டி வரும் என்று மட்டும் அவர் நினைத்ததில்லை.

மனைவி கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கழகத்தில் குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் சட்டைப் பொத்தான் அளவு மையத்தைச் சுடுவார். அவருடைய ரைபிளுக்குப் பிடிவாதம் அதிகம். ஒரே கம்பெனி, ஒரே ரகம் என்றாலும், ஒரே தடவையில் தயாரான ஒரு லாட் தோட்டா பத்தும் ஒரே துளையில் போகும். அடுத்த லாட் கோழி கிளறிய மாதிரி சிதறும். ஏழு லாட் சுட்டுப் பார்த்த பிறகுதான் அதற்குப் பிடித்தது அமைந்தது. அமைந்த நேரம், சரக்கு வருவது நின்றுபோனது.

அணித் தேர்வுக்கு மூன்று வாரம். நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாகத் தகுதி பெற்றிருந்தார். தேர்வில் அறுபது சுட வேண்டும், குறி பார்க்கத் தனியாகக் கொஞ்சம். கையில் இருந்ததோ நாற்பது.

"வேற லாட்ல சுட்டா என்னவாம்?" என்றார் கடைக்காரர்.

"அந்த மாத்திரை இல்ல, அதே கலர்ல இது இருக்குன்னு யாருக்காவது குடுப்பீங்களா?"

கடைக்காரர் போனை எடுத்தார். கடையில் கூட்டம் குறையும்போதெல்லாம் ஒவ்வொரு கழகமாகக் கூப்பிட்டு, மருந்து விசாரிக்கும் அதே குரலில் லாட் எண்ணைச் சொன்னார். பதினேழாவது கழகத்தின் ஸ்டோர்காரர், "நாலு பெட்டி இருக்கு சார், பெட்டிக்கு அம்பது. ஆனா அது ஒரு பஸ் மெக்கானிக்கோடது. எட்டு மாசமா ஆளையே காணோம். அவர்கிட்டயே கேட்டுக்கோங்க" என்றார்.

சனிக்கிழமை இருவரும் நான்கு மணி நேரம் பயணம் செய்து பஸ் பணிமனைக்குப் போனார்கள். மெக்கானிக் கழிவுத்துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். அவருடைய வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல். சுற்றிலும் எல்லாம் தெரிகிறது. பார்க்க நினைப்பது மட்டும் தெரிவதில்லை.

"ஆறு மாசம் பாக்கலாம்னாரு டாக்டர். எட்டாயிடுச்சு" என்றார். "அந்தப் பெட்டியைக் குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு ஆயிடும்மா."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அப்ப குடுக்காதீங்கண்ணா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

பிறகு மூச்சை எங்கே நிறுத்துவது, காற்றை எப்படிக் கணிப்பது என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தார்கள். கடைக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோட போறோமே" என்றார் திரும்பும்போது.

"இன்னொரு தடவை கேட்டிருந்தா குடுத்திருப்பாருங்க. அதான் கேக்கல."

கடைக்காரர் அவர் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை மெக்கானிக்கே கூப்பிட்டார். "ரெண்டு பெட்டி உனக்கு, ரெண்டு எனக்கு. இடது தோளுக்குத் தோதா ரைபிள் கட்டையை மாத்தச் சொல்லியிருக்கேன். இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு? நீ வந்துட்டுப் போற வரைக்கும் அது தோணவே இல்ல பாரு."

"சரிண்ணா" என்றார் டீச்சர். கழகங்கள் வழியாக முறைப்படி பதிவாகிப் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

தேர்வு நாளில் காற்று ஒரு நிலையில் நிற்கவில்லை. அறுபது சுட்டு எழுந்தபோது டீச்சரின் முழங்கை மரத்துப் போயிருந்தது. ஆறு பேருக்குத்தான் இடம். ஆறாவதாக வந்தார்.

உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். எடுத்தது அவருடைய மனைவி. "சீக்கிரம் சொல்லும்மா. காலையிலேர்ந்து இந்த மனுஷன் போனையே பாத்துக்கிட்டு ஒரு வாய் சாப்பிடல."

"இடம் கிடைச்சிடுச்சுக்கா. கடைசி இடம்தான்."

போன் கை மாறியது. "அறுபதுல எத்தனை குண்டு பத்துக்குப் பத்து?"

"அம்பத்தி மூணுண்ணா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் நேத்து இடது தோள்ல மொத அட்டை சுட்டேன். அட்டையில பட்டதே பாதிதான்."

"படம் எடுத்து அனுப்புங்கண்ணா."

படம் வந்தது. டீச்சர் மைதானத்துப் படியில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைக்காரரும் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் ஒரே பக்கமா போகுதுங்க, சிதறல" என்றார் டீச்சர், முகமெல்லாம் மலர. "இதைச் சரி பண்ணிடலாம்."